டெஸ்டுக்கு முந்தின 3 நாள் மட்டும் பத்தியம் இருந்தால் போதுமா? சுகரை தினமும் கட்டுக்குள் வைக்கப் பழகுவது எப்படி?

நாளை மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டும். உடனே வீட்டில் சோறு பாதியாகிறது. டீயில் சர்க்கரை நிற்கிறது. பரணில் கிடந்த வாக்கிங் ஷூ கீழே இறங்குகிறது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சுகர் 118 என்று வந்ததும், "பரவாயில்லையே, கன்ட்ரோல்லதான் இருக்கு" என்று திரும்பும் வழியிலேயே ஓட்டலில் பொங்கல், வடை.

சர்க்கரை நோய் உள்ள பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வு மதிப்பிட்டது. இன்னும் 13.6 கோடி பேர் அதன் விளிம்பில் இருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களில் பலருக்கும் தெரியும். அதை டாக்டர் பார்க்காத நாட்களிலும் செய்வதில்தான் சிக்கல்.

மூன்று நாள் பத்தியம் எங்கே மாட்டிக்கொள்கிறது?

வெறும் வயிற்று சுகர் அந்த நேரத்து நிலவரத்தை மட்டும் காட்டும். ஹெச்பிஏ1சி பரிசோதனை அப்படி இல்லை. ரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன. அந்தக் காலம் முழுக்க ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் சுமார் மூன்று மாத சராசரி இந்த எண்ணில் தெரிந்துவிடும். கடைசி ஒரு மாதத்துக்குப் பங்கு கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் மூன்று நாளில் இதை ஏமாற்ற முடியாது. (ரத்தசோகை இருந்தால் இந்த எண் மாறிக் காட்டலாம். அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.)

பெரும்பாலானவர்களுக்கு இந்த எண் 7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர் இதைத் தளர்த்துவார்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பிரிட்டனில் டைப் 2 சர்க்கரை நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த யுகேபிடிஎஸ் ஆய்வில், ஹெச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்கு கண், சிறுநீரகம் போன்றவற்றின் சிறு ரத்தக்குழாய் பாதிப்புகள் 37% குறைவாக இருந்தன. 9-ல் இருந்து 8-க்கு வந்தாலே லாபம்தான். 7 வரவில்லையே என்று எல்லாவற்றையும் கைவிடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

மன உறுதியை நம்பினால் மாலை நாலு மணிக்குத் தோற்றுப்போகும்

"எனக்கு வாயைக் கட்ட முடியல" என்பதுதான் பலரும் சொல்லும் குறை. காலையில் எல்லோருக்கும் உறுதி இருக்கும். வேலைக் களைப்பும் பசியும் சேரும் மாலை நேரத்தில், ஆபீஸ் வாசல் டீக்கடையில் பஜ்ஜி வாசனை வரும்போது அந்த உறுதி கரைந்துவிடும். அதனால் அந்த நேரத்தில் முடிவெடுக்கும் நிலையே வராதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். காலையில் கிளம்பும்போதே பையில் ஒரு டப்பா சுண்டலோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ இருந்தால், நாலு மணிப் பசிக்கு பதில் தயார்.

டீ விஷயம் சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு ஸ்பூன் சர்க்கரை சுமார் 4 முதல் 5 கிராம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், நாளுக்கு ஐந்து டீ என்றால் 40 கிராமுக்கு மேல் போய்விடும். கடையில் "சர்க்கரை கம்மியா" என்று சொன்னால் அந்தக் 'கம்மி' மாஸ்டரின் கையைப் பொறுத்தது. "சர்க்கரை போடாம" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிப் பழகினால் தினமும் பேரம் பேச வேண்டியதில்லை. முதல் சில நாள் கசக்கும், பிறகு நாக்கு பழகிக்கொள்ளும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதற்கு மாறினாலும் ரத்தத்தில் சுகர் ஏறத்தான் செய்யும்.

சோறா, சப்பாத்தியா?

இரவில் சப்பாத்திக்கு மாறிவிட்டால் சுகர் குறைந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே ஆழமானது. மூன்று சப்பாத்தியில் உள்ள மாவுச்சத்தும் ஒரு கப் சோற்றில் உள்ளதும் ஏறக்குறைய ஒன்றுதான். கேழ்வரகுக் களியும் கணக்கில்லாமல் சாப்பிட்டால் ஏற்றும். அளவுதான் முக்கியம்.

அளவைக் குறைக்க ஒரு எளிய வழி, பரிமாறும் வரிசையை மாற்றுவது. தட்டில் பாதி இடத்துக்கு முதலில் பொரியல், கூட்டு, கீரை. கால் பங்குக்குப் பருப்பு, முட்டை அல்லது மீன். மிச்சம் இருக்கும் கால் பங்கில்தான் சோறு. உருளைக்கிழங்கு வறுவல் பொரியல் கணக்கில் வராது, அது சோற்றின் கணக்கு. காய்கறியையும் பருப்பு, முட்டையையும் முதலில் சாப்பிட்டு சோற்றைக் கடைசியில் சாப்பிடும்போது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் ஏற்றம் குறைவதைச் சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நடைக்கும் இப்படி ஒரு வழி உண்டு. காலை அஞ்சு மணிக்கு எழுந்து நடக்க முடியாதவர்கள் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஒரே தடவையாக 30 நிமிடம் நடந்ததைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் சராசரியாக 12% குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். மொட்டை மாடி போதும், தெரு போதும்.

"இப்ப நார்மல்தானே, மாத்திரை எதுக்கு?"

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். மாத்திரை போட்டதால்தான் சுகர் நார்மலாக இருக்கிறது. நிறுத்தினால் சில நாளிலேயே மறுபடி ஏறத் தொடங்கும். உடம்பு உடனே எதையும் காட்டிக்கொடுக்காது என்பதால், நிறுத்தியது சரிதான் என்றே தோன்றும். எடை குறைந்து, உணவும் நடையும் சீரானவர்களுக்கு டாக்டரே மாத்திரையைக் குறைப்பது உண்டு. தானாக நிறுத்துவது வேறு கதை.

மறதிக்கு மருந்து, மாத்திரை டப்பாவை தினம் கை போகும் இடத்தில் வைப்பது. சாப்பாட்டுடன் போடும் மாத்திரை சாப்பாட்டு மேசையிலும், காலை மாத்திரை பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலும் இருக்கட்டும். வாங்கப் போக நேரமில்லை, கூலி போய்விடும் என்பவர்களுக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

கட்டுப்பாடு அளவு மீறினால்?

டெஸ்ட் பயத்திலோ விரதத்திலோ சாப்பாட்டையே தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் போடுபவர்கள் உண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்களுக்கு இது ஆபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் சுகர் இறங்குகிறது என்று பொருள். 70-க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சா?

கல்யாண வீட்டில் ஜாங்கிரி சாப்பிட்டாயிற்று. "இனிமே என்ன, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று ஆரம்பித்தால் அந்த நாளை ஒரு மாதம் கழித்துத்தான் வரும். 2010-ல் வெளியான லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்று, புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆவதைக் கண்டது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை கணக்கு போனது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. அடுத்த வேளைச் சாப்பாட்டிலேயே பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடலாம்.

இதில் வீட்டாரின் பங்கு பெரியது. குளுக்கோமீட்டரில் 240 என்று வந்ததும் "நேத்து என்னத்தத் தின்னீங்க?" என்று விசாரணை நடக்கும் வீடுகளில், அப்பா அடுத்த முறை மீட்டரையே எடுக்க மாட்டார். அல்வா மறைவாக உள்ளே போகும், எண் நோட்டில் ஏறாது. அந்த நோட்டில் தேதியும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதும் சேர்ந்து இருந்தால்தான் டாக்டருக்குப் பயன். அம்மாவுக்குத் தனிச் சமையல், மற்றவர்களுக்குத் தனிச் சமையல் என்பதும் அதிக நாள் நீடிக்காது. எல்லோருக்கும் ஒரே பொரியல், ஒரே அளவுச் சோறு என்று மாறிய வீட்டில் யாரும் யாரையும் கண்காணிக்க வேண்டியதில்லை.

இரவு படுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, இரண்டு நிமிடம்தான் ஆகும். உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்ப்பது. குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். நரம்பு மரத்துப்போனவர்களுக்கு முள் குத்தியதும் தெரியாது, வெயிலில் கொதிக்கும் கோயில் பிராகாரத்தில் நடந்து கொப்புளம் வந்ததும் தெரியாது. அந்தக் கொப்புளம் புண்ணாகி, விரலை எடுக்கும் அளவுக்குப் போன பிறகு வருபவர்கள் இருக்கிறார்கள். அதோடு கண் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாதத்தின் உணர்ச்சி ஆகிய மூன்றையும் சுகர் நார்மலாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.