75 கழஞ்சு யாருடைய பணம்? திருமுக்கூடல் கல்லூரியின் நிதி குறித்து

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் (1063–1070) நெடுங்கல்வெட்டைக் கல்வி வரலாறு எழுதியோரில் பலர் ஓர் அறக்கொடைச் சாசனமாகவே படித்திருக்கிறார்கள். வணிகர் ஒருவர் மண்டபம் எடுத்தார், கோயில் இடம் கொடுத்தது, அரசன் இசைவு தந்தான் என்பது அந்த வாசிப்பின் சுருக்கம். பொதுக் கல்விக்கு அரசு தொடர்ந்து பணம் தருவது 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின் வந்த வழக்கம் என்றும், அதற்கு முன் இங்கிருந்தது கொடையாளரின் புண்ணியமும் கோயிலின் பெருந்தன்மையும் மட்டுமே என்றும் ஒரு முடிவு அதிலிருந்து எளிதாகக் கிளைக்கிறது. கல்வெட்டின் வரவுப் பகுதியையும் செலவுப் பகுதியையும் இணைத்துப் படித்தால் அந்த முடிவு நிற்காது என்பது என் கருத்து. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அந்த இடத்தில் நடந்த கல்லூரி, விடுதி, ஆதுலர்சாலை (மருத்துவமனை) ஆகிய மூன்றும் அரசின் நிலவருவாயில் ஒரு பகுதியைத் தலைப்பிட்டு ஒதுக்கி நடத்தப்பட்டவை. செங்கல்பட்டு வட்டாரத்தின் கல்வி வரலாற்றில் இக்கல்வெட்டு வகிக்கும் இடத்தைப் பணம் யாருடையது என்ற இந்த ஒரு கேள்வி மாற்றிவிடுகிறது.

வரவிலிருந்து தொடங்குவோம். வயலைக்காவூர் என்னும் ஊர் ஆண்டுதோறும் 75 கழஞ்சு பொன் செலுத்தி வந்தது. அது முன்பு சாலாபோகமாக, ஒரு சாலையின் செலவுக்காகப் போய்க்கொண்டிருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையில் இருந்தபோது அரசன் பிறப்பித்த ஆணையால் அந்த வருவாய் திருமுக்கூடல் பெருமாளுக்கு இறையிலித் தேவதானமாக, அதாவது வரி நீங்கிய கோயில் சொத்தாக மாற்றப்பட்டது. பழைய வாசிப்பு இந்த மாற்றத்தை ஒரு முன்னுரைச் செய்தியாகக் கருதி, நேராக மண்டபத்துக்கும் மாணவர் பட்டியலுக்கும் போய்விடுகிறது. எனக்கோ கல்வெட்டின் முதன்மைச் செய்தி இதுதான். ஒருமுறை கொடுத்து முடித்த கொடை கொடுத்தவரின் கையை விட்டுப் போய்விடுகிறது. அதன் தலைப்பை அவர் பிறகு மாற்ற முடியாது. 75 கழஞ்சின் தலைப்பு மாற்றப்பட்டது என்றால், சாலைக்குப் போன காலத்திலும் அது அரசின் வரிக்கணக்கில் அரசின் பணமாகவே இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். அந்தப் பொன் ஒரு செலவினத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்க்கப்பட்டது. அந்தச் சாலை உணவுச்சாலையா, கல்விச்சாலையா என்ற நெடுநாள் வழக்கை இங்கே கிளறத் தேவையில்லை. எதுவாக இருந்தாலும் ஒரு பொதுநிறுவனத்தின் வருவாய் இன்னொரு பொதுநிறுவனத்துக்குப் போனது. முதல் நிறுவனத்துக்கு ஈடு ஏதும் கிடைத்ததாக இக்கல்வெட்டு பேசவில்லை. வேறு ஊரின் வரி அதற்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம்; அந்தச் சாலை நின்றும் போயிருக்கலாம். அரச நிதியை நம்பிய நிறுவனத்துக்கு இருந்த பாதுகாப்பின் அளவும் இந்த ஒரு வரியில் தெரிகிறது.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இறையிலி என்பது அரசு வரியை விட்டுக்கொடுப்பது. விட்டுக்கொடுத்ததைச் செலவு என்று எப்படிச் சொல்வது? ஊரார் வழக்கமான வரியைச் செலுத்தாமல் தமக்கே வைத்துக்கொண்டிருந்தால் இந்த மறுப்பு சரி. இங்கே ஊரின் கடமை குறையவில்லை, பெறுபவர்தான் மாறினார். கருவூலத்துக்கு வந்து அங்கிருந்து திரும்பிப் போக வேண்டிய பணம் நேரே போனது, அவ்வளவுதான். தஞ்சையிலிருந்தோ கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்தோ பாலாற்றங்கரைக்கு ஆண்டுதோறும் பொன்னைச் சுமந்து வருவதைவிட, அருகிலுள்ள ஊரின் வரியை அங்கேயே திருப்பிவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. பணம் போன வழியைக் கொண்டு அது யாருடையது என்று முடிவு கட்டுவது பிழை. மண்டபம் எடுத்த மாதவன் தாமயன் என்ற வைசியரின் பங்கை நான் குறைக்கவில்லை. கட்டடம் அவருடையது. ஆனால் கட்டடம் ஒருமுறைச் செலவு, ஆசிரியரின் நெல் ஒவ்வோர் ஆண்டும் வேண்டும். ஒரு நிறுவனத்தின் நிதித் தன்மையை முடிவு செய்வது இரண்டாவதே.

செலவுப் பகுதி இதை உறுதிப்படுத்துகிறது. இருக்கு வேதத்துக்குப் பத்து மாணவர், யசுர் வேதத்துக்குப் பத்து, வியாகரணத்துக்கும் ரூபாவதாரத்துக்கும் இருபது; மகாபாஞ்சராத்திரம் முதலியவற்றைச் சேர்ந்தவர்களையும் கூட்டினால் விடுதியில் உண்போர் அறுபதின்மர். வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையில் படுத்திருக்கும் நோயாளர் பதினைவர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாமபட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை (அறுவை மருத்துவம்) செய்பவனுக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து மருந்து காய்ச்சும் இருவருக்கு 60 கலமும் 2 காசும். நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவருக்கு 30 கலமும் 1 காசும். நாவிதனுக்கு 15 கலம். கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு குறுணி; ஆகவே 90 கலம் என்பது நாளுக்கு மூன்று குறுணி வீதம் 360 நாளின் கணக்கு. 30 கலம் ஒரு குறுணி வீதம். 15 கலம் அரைக் குறுணி வீதம். மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு ஆண்டில் 51 சனிக்கிழமைகள் என்று வருகிறது. 360 நாளில் அடங்கும் முழு வாரங்கள் 51. இந்தப் பொருத்தத்தைத் தற்செயல் என்று ஒருவர் சொல்லக்கூடும். நான் அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன். ஆயினும் நெல்லளவும் எண்ணெய்க் கணக்கும் ஒரே ஆண்டுக்கணக்கில் வந்து விழுவது கணக்கர் கையைக் காட்டுகிறது. கொடையாளர் மனம் கனிந்து எழுதிக் கொடுக்கும் பட்டியல் இப்படி அமைவதில்லை. மருந்துப் பட்டியலில் பில்வாதி கிருதம், வச்சிரகல்பம், கலியாண லவணம் ஆகியவற்றோடு புராண கிருதமும் உண்டு. அது பல ஆண்டு வைத்துப் பழையதாக்கிய நெய். அடுத்த ஆண்டும் பணம் வரும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் அதை யாரும் சேமித்து வைக்க மாட்டார்கள்.

மாணவர் தொகை சிறிது என்பது பெரிய மறுப்பாகாது. எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. புதுச்சேரியை அடுத்த திரிபுவனியில் 260 மாணவர், 12 ஆசிரியர், 72 வேலி. அளவு வேறு, முறை ஒன்றே. எண்ணாயிரத்தில் அரசாணையை ஏற்றுச் செலவைப் பகுத்துத் தீர்மானித்தது ஊர்ச்சபை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்: கல்விக்கான பணம் ஒரு சபையின் முன் இனம் இனமாக வைக்கப்பட்டது. கனமான மறுப்பு வேறு. இவை பிராமண மாணவர்களுக்கு மட்டுமே திறந்திருந்தன; உழுதவர் வரி கொடுத்தார், அவர் பிள்ளை உள்ளே வரவில்லை. இதை மறைப்பதற்கில்லை. வயலைக்காவூரின் நெல்லும் பொன்னும் அந்த ஊர் உழைப்பாளரின் வியர்வை என்பதால்தான் அதைப் புண்ணியவான்களின் கொடை என்று எழுதுவது எனக்குக் கூடுதல் அநீதியாகப் படுகிறது. வரி கொடுத்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வாசிப்பு கொடையாளரின் பெயரைப் பொறித்துவிடுகிறது.

பணம் யாருடையது என்ற கேள்வி பழங்காலத்தோடு நிற்பதில்லை. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வரி நிலுவைக்காக வருமான வரித் துறை முடக்கியது. ஒரு கல்வி நிறுவனத்தின் ஆண்டு வரவில் அரசு மானியம் பாதிக்கு மேல் இருந்தால்தான் அது கணிசமாக அரசு நிதியில் நடப்பதாக வருமான வரி விதி கருதுகிறது; அந்த வகை வரிவிலக்கு அப்போதுதான் கிடைக்கும். கட்டணமும் தொலைநிலைக் கல்வி வரவும் பெருகி அரசு மானியம் சுருங்கச் சுருங்க, சட்டமன்றச் சட்டத்தால் இயங்கும் பல்கலைக்கழகம்கூடக் கணக்களவில் தனியார் நிறுவனத்தின் பக்கம் நகர்கிறது. அரசு நேரடியாக நடத்துவது, மானியம் பெற்று நடப்பது என்ற இரு வகையையும் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே காணலாம். 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி அரசுக் கல்லூரி. அதன் ஆசிரியர் சம்பளம் அரசுத் துறையின் நேரடிச் செலவு. மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் தன்னாட்சி அமைப்பு; அது மானியம் பெறுகிறது. பல்கலைக்கழகம் ஒன்றுக்கான தொகுப்பு மானியம் அதற்குரிய துறையின் மானியக் கோரிக்கையில் பெரும்பாலும் ஒற்றைத் தொகையாக வந்து சில மணி நேர விவாதத்தில் கடந்து போகிறது. எத்தனை ஆசிரியர், எத்தனை விடுதி மாணவர், ஆய்வகத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும் பல்கலைக்கழகத்தின் கோரிக்கையைச் சட்டமன்ற உறுப்பினர்கள் எளிதில் கடந்துவிட முடியாது. எந்த இனம் வெட்டப்பட்டது என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இவ்வகைப் பிரிப்பு பல்கலைக்கழகத்தின் தன்னாட்சியைக் குறைக்கும் என்ற கவலையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அசுவத்தாமபட்டனுக்கு 90 கலம் என்று கல்லில் வெட்டினார்கள்; அவர் எந்த நோய்க்கு எந்த மருந்து தர வேண்டும் என்று வெட்டவில்லை.