வலிக்கு எத்தனை சொல்?

"நோ எவ்வளவு? பத்துக்குள்ள சொல்லுங்கோ" எண்டு கேட்டால் நாங்கள் தடுமாறிப் போவோம். ஏழு எண்டு சொன்னாலும், அது எப்பிடியான ஏழு எண்டு ஆருக்குத் தெரியும்?

உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக்கும் இதில்தான் தொடங்கினார். 1950களில், அமெரிக்காவின் ஒரிகனில், வெட்டி அகற்றப்பட்ட காலில் வலியை உணர்ந்த ஒரு பெண் சொன்ன சொற்களை அவர் குறித்துவைத்தார். பின்னர் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1971இல் வொரன் டோர்கர்சனுடன் சேர்ந்து 102 சொற்களை வகைப்படுத்தினார். 1975இல் மக்கில் வலி வினாக்கொத்து வெளிவந்தது: 20 தொகுதிகள், 78 சொற்கள். குத்துது, எரியுது எண்டு உணர்வைச் சொல்பவை ஒருபக்கம்; களைப்பையும் பயத்தையும் சொல்பவை இன்னொருபக்கம்; 'தாங்கேலாது' எண்டு மதிப்பிடுபவை வேறாக. ஒவ்வொரு தொகுதியிலும் பொருந்தும் ஒரு சொல்லை நோயாளி தெரிவார், பொருந்தாவிட்டால் விட்டுவிடலாம்.

இதன் பெறுமதி எங்களுக்கு விளங்குது. ஸ்கேனில் ஒண்டும் தெரியாட்டியும், நீண்டநாள் வலியோடு வாழ்பவரின் சொல்லே சாட்சியாக எடுக்கப்படுகிறது.

ஆனால் அந்த 78உம் ஆங்கிலச் சொற்கள். அம்மம்மாவின் நாரி 'உளைவு' எந்தத் தொகுதிக்குள் வரும்? 'கடுப்பு', 'விண் விண்' எண்டு தெறிக்கிறது? பட்டியலை மொழிபெயர்த்தால் மட்டும் காணாது. மெல்சாக் செய்ததுபோல, முதலில் பக்கத்தில் இருந்து கேட்கவேணும்.