கீழக்கரையின் நிழலும் கண்ணாடிச் சுவரும்

வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கீழக்கரை ஜும்மா பள்ளிவாசல், 17ஆம் நூற்றாண்டின் கல்தூண் கட்டடம். இக்கடற்கரையின் பழைய வீடுகள் பவளக்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்து, முற்றத்தின் வழியே ஒளி பெற்றன. இன்றைய கண்ணாடி முகப்புகளை இந்த மரபைக் கொண்டே அளக்க வேண்டும். பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த மிதவைக் கண்ணாடி முறை, பெரிய கண்ணாடிப் பலகைகளை மலிவாக்கியது. ஆனால் குளிர்நாட்டில் வெயிலை வரவேற்கும் அதே பொருள், இங்கே வெப்பத்தை உள்ளே அடைத்துவைக்கிறது.

பவளக்கல்லுக்கே திரும்பச் சொல்கிறீர்களா என்று சிலர் கேட்கலாம். கூடாது, இக்கடற்கரையை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் பவளங்களை வெட்டியெடுப்பது கடலையே அழிப்பதாகும், 2001 முதல் சட்டமும் அவற்றைக் காக்கிறது. மீட்க வேண்டியது நிழலைக் கணக்கிட்டுக் கட்டும் அறிவை. வடக்கே கண்ணாடி, மேற்கே தடித்த சுவரும் தாழ்வாரமும் என்று திசையறிந்து கட்டினால், ஒளியும் கிடைக்கும், வீடும் குளிரும்.