பாயிரமும் தபால் அட்டையும்: தமிழில் வாசகர் கருத்தின் இடமாற்றம்

ஒரு நூலைப் படித்தவர் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்பதைத் தமிழ் மரபு நெடுங்காலம் நூலின் முகப்பிலேயே வைத்திருந்தது. தொல்காப்பியம் அதங்கோட்டு ஆசான் முன் அரங்கேறியதைப் பனம்பாரனாரின் சிறப்புப் பாயிரம் சொல்கிறது. அத்தகைய பாயிரத்தை யார் தரலாம் என்று நன்னூல் வரையறுக்கிறது: நூல் செய்தவரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர். நால்வருமே வேண்டியவர்கள். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால் பிறர் வாயால் புகழ்ச்சி வரவேண்டும் என்பதே ஏற்பாடு. குறை சொல்வதற்கு அங்கே இடமில்லை. திருக்குறளைப் புகழும் திருவள்ளுவமாலையின் 55 பாடல்களில் தேடினாலும் ஒரு மறுப்புக் குரல் அகப்படாது.

இந்தியர் அச்சுக்கூடம் நடத்துவதற்கு இருந்த தடை 1835இல் நீங்கியது. அச்சு பரவியதும் இந்த வழக்கம் குறையவில்லை, பெருகியது. நூலைப் புகழும் சாற்றுகவி வாங்குவதற்கென்றே புலவர்கள் மகாவித்துவான்களின் வீட்டுத் திண்ணைகளில் காத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் சில பதிப்புகளில் சாற்றுகவிகளைக் கடந்து நூலுக்குள் நுழையவே பொறுமை வேண்டும். எதிர்ப்பு இருந்தால் அது தனி நூலாகவே வெளிவந்தது. 1867இல் திருவருட்பா அச்சேறியது. 1869இல் அதை எதிர்த்து ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து ‘போலியருட்பா மறுப்பு’ வந்தது. இப்படி மறுத்தவர்களும் படிப்பாளிகளே. வாங்கிப் படித்த சாதாரண மனிதரின் அபிப்பிராயம் திண்ணைப் பேச்சோடு கரைந்தது.

1879இல் தமிழின் முதல் நாவலான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சில் வந்தது. அதே ஆண்டில்தான் அரசாங்கம் கால் அணாத் தபால் அட்டையை அறிமுகப்படுத்தியது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் தமிழ் நாவலும் அதன் வாசகர் கையில் ஏறப்போகும் எழுதுகருவியும் ஒரே ஆண்டில் புறப்பட்டன என்பதை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டும் சந்தித்துக்கொள்ள வாரப் பத்திரிகைகளின் காலம் வரவேண்டியிருந்தது.

தொடர்கதை அந்தச் சந்திப்பை வாராவாரம் நடத்தியது. நூல் முடியும் முன்பே கருத்து வந்து சேர்ந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்ததும், இன்னார் என்ன ஆனார் என்ற வாசகர் கேள்விகளுக்கு ஆசிரியர் முடிவுரை எழுத நேர்ந்தது. பாயிரம் முன்னே நின்றது. இந்த முடிவுரை பின்னே வந்தது. ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் உரிமை நன்னூல் சொன்ன நால்வரிலும் சேராத ஒருவருக்குக் கிடைத்துவிட்டது.

இதன் உச்சம் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’. 1966இல் ஆனந்த விகடனில் வெளியான சிறுகதை. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண், காரில் ஏற்றிச் சென்றவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தண்ணீரைத்தான் வாசகர்களால் தாங்க முடியவில்லை. ஆதரித்தும் திட்டியும் கடிதங்கள் வந்தன. முடிவை மாற்றி வேறு சிலர் கதையே எழுதினார்கள். ஜெயகாந்தனும் அந்த மறுப்பை எடுத்துக்கொண்டார். தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? அதுவே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். அதில் கங்கா என்ற பெயரில் வரும் அந்தப் பெண் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள், வாசகியே கதாநாயகி. 1972இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. வாசகர் கருத்து ஒரு படைப்பையே பெற்றெடுத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் எனக்குத் தெரியவில்லை.

சிறுபத்திரிகைகள் வேறு வழியில் போயின. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’, ரசித்ததைச் சொல்வது போதாது, காரணம் சொல் என்றது. திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமும் வடக்கே வேலையிலிருந்த வெங்கட் சாமிநாதனும் அந்த இதழ் வழியாகவே விமர்சகர்களாக அறியப்பட்டார்கள். 1970இல் சென்னையில் அமைந்த ‘இலக்கியச் சிந்தனை’ வாரப் பத்திரிகைக்கும் சிறுபத்திரிகைக்கும் நடுவே நின்றது. மாதம் ஒருவர் அந்த மாதத்துப் பத்திரிகைக் கதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்து, ஏன் என்று கூட்டத்தில் சொல்லவேண்டியிருந்தது. ஆண்டு முடிவில் 12 கதைகள் தொகுப்பாயின.

இந்த வரலாற்றை எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. நம் வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிய்த்து, வரிசைப்படுத்தி பைண்டு செய்தார்கள். படம் வரைந்த பக்கம் தப்பித்தது. வாசகர் கடிதப் பக்கம் பழைய பேப்பர் கடைக்குப் போனது. சாற்றுகவிகள் நூலோடு ஒட்டியிருந்ததால் பிழைத்தன, தபால் அட்டைகள் பிழைக்கவில்லை. யார் வீட்டுப் பரணிலாவது பிய்க்கப்படாத முழு இதழ்கள் இருந்தால், அவற்றை எடைக்குப் போடாமல் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்துக்குச் சொல்லியனுப்புங்கள்.