சங்கக் கந்தோர்

எங்கள் அப்பு கிராமச் சங்கத்தில் வரி சேர்ப்பவராக இருந்தார். சோலைவரி கட்ட வருபவர் மடியை அவிழ்த்துக் காசை மேசையில் எண்ணி வைப்பார். அப்பு காபன் தாளை நேராக்கி, பென்சிலை அழுத்தி எழுதி, பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அவர் சுட்டுவிரலில் எப்போதும் நீலக் கறை.

1871இல் வந்த கிராமச் சமூகக் கட்டளைச் சட்டம் இதற்கெல்லாம் அடி. சிறு வழக்குகளுக்குக் கிராமக்கோடும் இருந்தது. கோடு போய்விட்டது; பருத்தித்துறையில் கிராமக்கோட்டுச் சந்தி என்ற பெயர் நிற்கிறது.

ஒழுங்கைக்குக் கல்லுப் போடுவது, சந்தையைக் குத்தகைக்கு விடுவது எல்லாம் சங்கத்தின் வேலைதான். ஆனால் அப்பு பெரிதாக நினைத்தது வெள்ளவாய்க்காலை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. மாரி மழை குளத்தில் நின்று சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கினால்தான் கோடையில் கிணற்றில் நல்ல தண்ணீர். ஐப்பசிக்கு முன் வாய்க்கால் துப்புரவாக வேண்டும் என்று சைக்கிளில் போய்ப் பார்த்து வருவார்.

1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. கிராமச் சங்கங்கள் ஒழிந்தன. பிரதேச சபைச் சட்டம் 1987இல் நிறைவேறியும், யாழ்ப்பாணத்தார் அந்தச் சபைகளுக்கு வாக்களித்தது 1998 தை மாதத்தில்தான். ஊருக்கென்று ஒரு சபை இல்லாமல் இடையில் போன அந்தப் பதினேழு வருடம் பேரிழப்பு என்பேன்.

பழைய சங்கக் கூட்டக் குறிப்புப் புத்தகம் உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் கிடந்தால், கறையான் தின்னுமுன் ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.