நிழலின் நடுவே ஒரு பொட்டு

பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் பரிசுக் குழுவினர் ஐவரில் லாப்லாஸ், பியோ, புவாசோன் ஆகிய மூவரும் ஒளியைத் துகள்களின் பாய்ச்சலென்றே சாதித்துவந்த நியூட்டன் பக்தர்கள் என்பதையும், அவர்கள் முன்னிலையில் 1818-இல், சாலை அமைக்கும் எஞ்ஜினீயரான பிரெனெல், ஒளி அலையே என நிறுவும் கட்டுரையைத் துணிந்து சமர்ப்பித்ததையும் சென்ற வாரம் கண்டோம்.

நியூட்டன் எழுப்பியிருந்த ஆட்சேபம் அற்பமானதன்று. குன்றுக்கு அப்பால் அடிக்கும் மணியோசை குன்றை வளைத்துக்கொண்டு காதுக்கு எட்டுவதுபோல், ஒளியும் அலையாயின் நிழலுக்குள் வளைந்து பரவ வேண்டாவா? பேச்சொலியின் அலைகள் சாணளவிலிருந்து சில மீட்டர்வரை நீண்டவையாதலால் சுவரும் கதவும் அவற்றுக்குப் பெருந்தடையல்ல. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கினும் குறுகிய ஒளியலையோ விளிம்பையொட்டி நூலளவே வளைவதால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

கணிதத்தில் வல்லவரான புவாசோன், பிரெனெலின் சூத்திரங்களைக் கொண்டே அவரை வீழ்த்தக் கருதினார். வட்டத் தகட்டின் விளிம்பெங்குமிருந்து வளைந்துவரும் அலைகள் சமதூரம் கடந்து நிழலின் மையத்தில் ஒருங்கே சேருமாகையால், காரிருள் சூழ்ந்திருக்க வேண்டிய அவ்விடம் தகடே இல்லாததுபோல் ஒளிர வேண்டும். அஃது அபத்தமன்றோ என்பது அவர் வாதம்.

இவ்விடத்தில், குழுவின் மற்றோர் அங்கத்தினரான அரகோவைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. தீர்க்கரேகையை அளக்க ஸ்பெயினுக்குச் சென்ற அவர், உடன்சென்ற பியோ முன்னரே பாரிஸ் திரும்பிவிட, 1808-இல் மயோர்க்காத் தீவின் மலையுச்சியில் தனியே ஏற்றிய தீயைப் பிரெஞ்சுப் படைக்கு விடும் சமிக்ஞையென்று ஐயுற்று ஜனங்கள் கொதித்தெழவே, உயிர் தப்பும்பொருட்டுப் பெல்வர் கோட்டைச் சிறையிலேயே அடைக்கலம் புகுந்து, பின்னர் மீன்பிடி படகேறி அல்ஜியர்ஸ் சேர்ந்து, அங்கிருந்து தாயகம் திரும்புகையில் ஸ்பானியக் கொள்ளைக்கப்பலிடம் அகப்பட்டு மறுபடியும் சிறைவாசம் அநுபவித்து, விடுதலையாகி மார்செய் கண்ணுக்குத் தெரியும் வேளையில் பெருங்காற்றால் ஆப்பிரிக்கக் கரைக்கே தள்ளப்பட்டு, 1809-இல்தான் நாடு வந்து சேர்ந்தார். இத்தனை அல்லலிலும் அளவைக் குறிப்புகளை அவர் கைவிடவில்லை. வாதத்தில் வெல்வதினும் அளந்தறிவதையே பெரிதென மதித்த இவர் அக்குழுவில் இல்லாதிருந்தால், பிரெனெலின் உழைப்பு அபத்தமென்னும் ஒரு சொல்லோடு மடிந்திருக்குமென்றே நம்புகிறேன்.

அரகோ மறுவாதம் செய்யவில்லை. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகத் தகட்டை மெழுகினால் கண்ணாடியில் ஒட்டி ஒளியில் நிறுத்திப் பார்த்தார். நிழலின் நட்டநடுவே பொட்டு பிரகாசித்தது.

1819-இல் பரிசு பிரெனெலுக்கே கிடைத்தது. புவாசோனோ துகள் கொள்கையை விட்டாரில்லை. நெப்போலியனை எதிர்த்ததால் 1815-இல் வேலையிழந்த பிரெனெல் நார்மண்டியில் தாயார் வீட்டில் தங்கிச் செய்த பரிசோதனைகளையும், கோர்துவான் கலங்கரை விளக்கத்துக்கு அவர் அமைத்த கண்ணாடியையும் அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)