சிறைவாசலில் காத்திருந்த மரணம்

பத்திரிகைத் தொழிலில் நான் படித்த அரசாங்கத் திட்டங்கள் பல கோப்புகளிலேயே உறங்கிப்போயின. அமெரிக்காவின் மிகச்சிறிய மாநிலமான றோட் ஐலண்டின் திட்டம் அவ்வாறானதன்று. அபின்வகை மருந்துகளை அளவுமீறி உட்கொண்டு மாள்வோர் தொகையை மூன்றாண்டுகளில் மூன்றிலொரு பங்கால் குறைப்பதற்கென, ஆளுநர் ஜீனா றைமொண்டோ 2015இல் செயலணியொன்றை அமைத்தார்.

சிறையில் போதையின்றி இருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். விடுதலையானபின் அதே அளவு உயிரைப் பறித்துவிடும். எனவே 2016இல் சிறைக்குள்ளேயே மெதடோன், பியூபிரனோர்பின் சிகிச்சைகள் விரிவாக்கப்பட்டன. மரணத்துக்கு முந்திய 12 மாதங்களுக்குள் சிறைமீண்டோருள், 2016இன் முதல் ஆறு மாதங்களில் 26 பேர் இவ்வாறு மாண்டனர். 2017இன் அதே காலப்பகுதியில் 9 பேர்.

பென்டனிலின் பரவலால் மாநிலத்தின் மொத்த இலக்கு எட்டப்படவில்லை. ஆயினும், குற்றவாளியெனச் சமூகம் கைகழுவியவனையும் காக்கவேண்டிய உயிராக ஓர் அரசு எண்ணியதே இவ்வரலாற்றின் சாரம் என்பேன்.